வருத்தமும் விடுதலையும்: செனபோனின் குதிரைக்குட்டி அதிகாரம்

வன்முறையற்ற குதிரைப் பயிற்சிக்கு மூலவராகக் கிரேக்க எழுத்தாளர் செனபோனைக் காட்டும் வழக்கம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய ‘குதிரையேற்றக் கலை’யின் 11ஆம் அதிகாரமே அதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. வற்புறுத்திச் செய்விக்கும் அசைவில் குதிரைக்குப் புரிதலும் இல்லை, பார்ப்பவருக்கு அழகும் இல்லை. அடிபட்டு ஆடும் நடனக்காரனின் நிலைதான் அது என்று, தமக்கு முன்பே குதிரையேற்றம் பற்றி எழுதிய சைமனை அங்கே அவர் வழிமொழிகிறார். அந்த அதிகாரமோ, உடல்வலுவும் ஊக்கமும் இயல்பிலேயே வாய்த்த காட்சிக் குதிரையைப் பற்றியது. குட்டியைப் பற்றி அறிய 2ஆம் அதிகாரத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே நாம் காண்பது வேறு. குட்டியைப் பழக்கிக்கொண்டிருப்பது குதிரைப்படையில் சேரும் செல்வர் வீட்டு இளைஞனின் வேலையன்று என்கிறார் செனபோன். அவன் தன் உடலைப் பேண வேண்டும். ஏறிச் சவாரி பழக வேண்டும். குட்டியைப் பழக்குநரிடம் ஒப்படைத்துவிடலாம். மகனைத் தொழில் கற்க அனுப்பும்போது செய்வதுபோல, திரும்பி வருகையில் குட்டிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பழக்குநருக்குக் கூலி கிடைப்பது அதைப் பொறுத்தது.

ஒப்படைக்கும் முன்பே குட்டி மனிதரை விரும்பும்படி செய்துவிட வேண்டும். இதற்கான வழியைச் சொல்லும் வரிகளைத்தான் கனிவுக் கட்சியினர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பசி, தாகம், ஈக்கடி எல்லாம் தனிமையோடு சேர வேண்டும். தீனி, தண்ணீர், தொல்லையிலிருந்து விடுதலை எல்லாம் மனிதன் கையால் வர வேண்டும். லாயக்காரன் இதை அமைத்துக்கொடுத்தால் குட்டி மனிதனை விரும்புவதோடு நில்லாது, அவனுக்காக ஏங்கும். லாயக்காரன் வேண்டுமென்றே பட்டினி போட்டானா, தானாக நேரும் பசியைப் பயன்படுத்திக்கொண்டானா என்று மூலத்தை வைத்து அறுதியிட முடியாது. எப்படியாயினும், அன்பு இங்கே வருத்தத்தின் மறுபாதியாகவே உருவாக்கப்படுகிறது.

இது தற்செயலான குறிப்பாக எனக்குத் தோன்றவில்லை. 10ஆம் அதிகாரத்தில் இரண்டு கடிவாளங்கள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று வழவழப்பானது, மற்றதில் கூரிய முள் உருளைகள். முள் கடிவாளத்தைக் குதிரை பற்களால் பற்றினால் உறுத்தும், உடனே விட்டுவிடும். பிறகு வழவழப்பானதை மாட்டினால் அந்த இதத்தில் மகிழ்ந்து, முள்ளில் கற்றதை இதிலும் செய்யும். அத்தகைய முள் உருளைக் கடிவாளங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் அவற்றை வெறும் அலங்காரம் என்று சொல்லமாட்டார். சொன்னபடி செய்தால் இதம், மீறினால் தண்டனை என்பதே குதிரையேற்றம் முழுமைக்கும் விதி என்று 8ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கூறுகிறது.

கோபத்தோடு குதிரையை அணுகாதே என்னும் 6ஆம் அதிகார அறிவுரையை மறுப்பாகக் காட்டுவர். அது சவாரிக்காரனின் நிதானத்தைப் பற்றியது; நிதானமாகவும் அடிக்கலாம். அதே அதிகாரத்தில் வரும் இன்னொரு பகுதிதான் உண்மையில் கனமான மறுப்பு. குதிரை மிரளும் பொருளருகே அதை அடித்து இழுக்காமல், மெல்ல அழைத்துச் சென்று பழக்கு என்கிறது அது. ஆனால் அதற்கு அவர் தரும் காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அடி விழுந்தால் வலிக்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று குதிரை எண்ணிக்கொள்ளும். வலி எதனோடு சேர்கிறது, விடுதலை எதனோடு சேர்கிறது என்ற கணக்குதான் இங்கும் ஓடுகிறது. சவுக்கு தவிர்க்கப்படுவது இரக்கத்தால் என்பதைவிட, வலி தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் என்று கொள்வதே பொருத்தம்.

லாயக்காரன் குட்டியை என்ன செய்ய வேண்டும், சவாரிக்காரன் பழகிய குதிரையை எப்படி நடத்த வேண்டும் என்று விரிவாக எழுதும் செனபோன், இடைப்பட்ட காலத்தில் பழக்குநரின் களத்தில் நடந்ததைப் பற்றி அந்த ஒப்பந்தத்துக்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. குட்டி முதன்முதலில் முதுகில் ஆளைச் சுமந்தது அங்கேதான்.