பிற்பருவ வேட்டையும் கௌதாரியும்: வில்லியனூர், பாகூர் நிலங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தில் பெட்டைகளிற் பெரும்பாலானவை முட்டையிட்டு அடையில் அமர்ந்துவிட்ட பகுதியை இக்கட்டுரையில் 'பிற்பருவம்' என்கிறோம். அப்பகுதியில் ஒரு பறவையை அதன் இனத்துக் குரலாலேயே வரவழைத்துப் பிடிப்பதோ கொல்வதோ 'பிற்பருவ வேட்டை' எனப்படும். தற்செயலாக எதிர்ப்பட்டதை அடிப்பதும், நீர்த்துறையில் வலை விரித்துக் காத்திருப்பதும் இவ்வரையறைக்குள் வாரா.

இவ்வேட்டைக்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு வட அமெரிக்கக் காட்டு வான்கோழி. நம் நாட்டில் வான்கோழி வளர்ப்புப் பறவையாக மட்டுமே உண்டு. ஆயினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய உறவு ஒன்று புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கரம்புகளுக்குரியது. அது கௌதாரி, பேச்சுவழக்கில் கவுதாரி. 1789இல் இயற்கையியலாளர் கிமெலின் இதற்கு அறிவியற்பெயர் இட்டபோது புதுச்சேரியின் பெயரையே சேர்த்தார். பேரினப் பெயர் 'பிரான்கோலினஸ்' என்பதிலிருந்து 'ஆர்டிகார்னிஸ்' என மாறிய பின்னும் 'பாண்டிசெரியானஸ்' என்னும் சிற்றினப் பெயர் நிலைத்திருக்கிறது.

வான்கோழிக்குப் பிற்பருவ வேட்டையை ஏற்கத்தக்கதாக்கும் காரணங்கள் கௌதாரிக்கும் பொருந்துமா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

2. வான்கோழி வேட்டையின் காரணங்கள்

அமெரிக்க மாநிலங்களில் இளவேனில் வேட்டை பொதுவாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொடங்கி மே மாதத்தில் முடியும். வேட்டைக்காரர் இலைநிற உடையணிந்து, மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, சிறு கற்பலகைமேல் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புவார். சேவல் அக்குரலை நாடி வரும்.

முதற்காரணம் பன்மனைப் புணர்ச்சி. ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். அடைகாத்தலிலும் குஞ்சு பேணலிலும் அதற்குப் பங்கில்லை. பெட்டைகள் கருவுற்ற பின் சேவல் ஒன்று குறைந்தால் அவ்வாண்டின் ஈட்டுக்குப் பெரிய இழப்பில்லை.

இரண்டாவது பால் வேற்றுமை. மார்பில் தொங்கும் தாடியும், மயிரற்ற தலையின் சிவப்பு நீல நிறங்களும், பருத்த உடலும் சேவலைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். ஆதலால் 'தெரிவு வேட்டை', அதாவது ஒரு பாலை மட்டும் பிரித்துக் கொள்ளும் வேட்டை, அங்கே இயல்கிறது. சில பெட்டைகளுக்கும் தாடி முளைப்பதுண்டு, அவை விதிவிலக்குகளே.

மூன்றாவது தனிமை. வான்கோழியின் இயல்பான ஒழுங்கில், சேவல் நின்ற இடத்தில் நின்று குரல்கொடுக்க, பெட்டைதான் தேடிச் செல்லும். வேட்டைக்காரர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்க முயல்கிறார். பருவத் தொடக்கத்தில் பெட்டைகள் சூழ நிற்கும் சேவல் பொய்க்குரலைப் பொருட்படுத்தாது. பெட்டைகள் அடைக்குப் போய்விட்ட பிற்பருவத்திலோ தனித்து விடப்பட்ட சேவல் தானே தேடி வரும். இதற்கு எதிர்விசையும் உண்டு: அதுவரை தப்பிப் பிழைத்த சேவல் பல பொய்க்குரல்களைக் கேட்டிருக்கும், ஐயம் மிகுந்திருக்கும்.

அண்மை ஆண்டுகளில் ஜார்ஜியா, டென்னசி ஆகிய மாநிலங்கள் வேட்டைத் தொடக்கத்தையே பின்தள்ளின. சேவல்களைச் சுடுமுன் பெட்டைகள் கருவுற இடந்தர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எனவே அங்கே பிற்பருவம் வேட்டைக்காரரின் வசதி மட்டுமன்று, இனக்காப்பின் கணக்குமாகும்.

3. கௌதாரியின் நிலமும் பருவமும்

புதரும் வெட்டவெளியும் கலந்த வறள்நிலமே கௌதாரிக்கு உகந்தது. கோடையில் நீர் வற்றிய ஏரிகளின் ஓரம், பனைவரிசை நிற்கும் வரப்பு, கருவேலம்புதர், சங்கராபரணி ஆற்றங்கரையின் மேட்டுக்கொல்லை ஆகியவை அத்தகையன. தென்னிந்தியாவில் இதன் முதன்மை ஈற்றுக்காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பிற மாதங்களிலும் கூடு காணப்படுவதுண்டு. ஆகவே நம் நிலத்தில் பிற்பருவம் கூர்மையான எல்லை உடையதன்று. வைகாசி முதல் ஆடி வரை ஒரே கொல்லையில் ஒரு பெட்டை அடையிலிருக்க, மற்றொன்று குஞ்சுகளோடு திரியலாம்.

கூடு என்பது புல்தூற்றின் அடியில் கீறிய சிறு பள்ளமே. ஆறு முதல் எட்டு முட்டைகள் இடும். அடைகாப்பது பெட்டை, குஞ்சுகள் பொரித்த பின் சேவலும் குடும்பத்தோடு சேர்ந்து திரியும். இவ்வமைப்பை 'ஓரிணை வாழ்க்கை' என்போம்.

4. பார்வை வேட்டை

பிற பறவைகளை ஈர்க்கப் பழக்கிக் கட்டிவைக்கும் பறவை 'பார்வை' எனப்படும். பார்வைக் கௌதாரி பெரும்பாலும் சேவல். துணிபோர்த்திய கூண்டில் அதைக் கொண்டுபோய், இருள் பிரியும் நேரத்தில் புதரோரம் வைத்துப் போர்வையை நீக்குவார்கள். கூண்டைச் சுற்றிக் குச்சிகளில் கண்ணிகள் வரிசையாக நிற்கும். முன்னாளில் குதிரைவால் மயிர். இப்போது நைலான் நரம்பு. கண்ணி தரையிலிருந்து கௌதாரியின் கழுத்துயரத்தில் இருக்கும். ஓடிவரும் பறவை தலையை நுழைத்ததும் சுருக்கு இறுகும்.

பார்வை கத்துகிறது. அந்நிலத்துச் சேவல் மறுகுரல் கொடுக்கிறது. குரல் இடைவெளி குறைகிறது. பறவை பறந்து வருவதில்லை, தலை தாழ்த்தி ஓடியே வருகிறது. இங்கேதான் வான்கோழி வேட்டையிலிருந்து அடிப்படை வேறுபாடு தோன்றுகிறது. வான்கோழிச் சேவல் துணை தேடி வருகிறது. கௌதாரிச் சேவல் தன் எல்லைக்குள் புகுந்த பகைவனைத் துரத்த வருகிறது. தனித்த சேவலே வரவேண்டும் என்பதில்லை. இணையும் கூடும் உடையதுதான் காக்க வேண்டிய எல்லை உடையது. அதுவே விரைந்து வரும். சிலபோது பெட்டையும் உடன் ஓடிவந்து அடுத்த கண்ணியில் சிக்கும்.

5. ஒப்பீட்டின் முடிபு

முதற்காரணம் கௌதாரிக்குப் பொருந்தாது, ஓரிணை வாழ்க்கையில் சேவலின் சாவு குடும்பத்தின் இழப்பாதலால். இரண்டாவதும் பொருந்தாது: சேவலும் பெட்டையும் ஒரே மங்கிய பழுப்பில், ஒரே குறுக்குவரிகளோடு, தொண்டையைச் சூழ்ந்த ஒரே கருங்கோட்டோடு இருக்கும். சேவலின் காலிலுள்ள முள்ளே தெளிவான அடையாளம். அது கைக்கு வந்த பின்னரே தெரியும், கண்ணியோ அதையும் பாராது. மூன்றாவது நேர்மாறாகத் திரும்புகிறது: இனப்பெருக்கத்தில் ஈடுபடாத பறவையை விட்டு, ஈடுபட்டிருப்பதையே பார்வை பொறுக்கி எடுக்கிறது. வேட்டைக்கு மிக எளிய மாதமும் இனத்துக்கு மிகக் கேடான மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

6. சட்ட நிலை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் இவ்வகைப் பறவைகளை நான்காம் அட்டவணையில், 'சிறு வேட்டை' உரிமம் பெற்றுக் கொல்லத்தக்கனவாக வைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிம முறையை நீக்கியது. ஆகவே பருவம் எது என்ற கேள்விக்கு நம் சட்டத்தில் இன்று இடமில்லை. தடை ஆண்டு முழுமைக்கும் உரியது.

'வேட்டை' என்பதற்குச் சட்டத்தின் 2(16)ஆம் பிரிவு தரும் வரையறை நம்முடையதைவிட அகலமானது. கொல்லுதலோடு கண்ணி வைத்தல், பிடித்தல், இரைகாட்டி ஈர்த்தல் ஆகியவையும், பறவையின் முட்டையைச் சேதப்படுத்தலும், முட்டையையோ கூட்டையோ கலைத்தலும் அதனுள் அடங்கும். சாலையோர உணவகங்களில் தட்டுக்கு வரும் காடை பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடையாயின் அது வேறு. காட்டுக் கௌதாரிக்கு அச்சாக்கு இல்லை.

நடைமுறையில் வேட்டை நடக்கும் விடியற்பொழுதில் கொல்லைதோறும் காவல் நிறுத்த எவராலும் இயலாது. பார்வையோ ஆண்டு முழுதும் கூண்டில் இருந்தாக வேண்டிய பறவை. அதைப் பழக்கவும் பேணவும் மாதங்கள் ஆகும். 39ஆம் பிரிவின்படி, சட்டத்தை மீறிப் பிடித்து வைத்த காட்டுயிர் அரசின் உடைமை. ஆதலின் கண்ணி விரிக்கப்படும்வரை காத்திருக்கத் தேவையின்றி, கூண்டிலுள்ள பார்வையைக் கொண்டே வழக்கைத் தொடங்கலாம்.