மில் ஊர்களின் கோப்பை

கோவைக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாக இதைப் படிக்காதவர்கள் கொங்கு நாட்டில் இருக்க மாட்டார்கள். 1888ல் ஸ்டேன்ஸ் துரை மில் ஆரம்பித்ததில் தொடங்கி, சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஷிப்ட்டுக்குப் போன ஊர் இது. சரி, அந்த அசல் மான்செஸ்டரில் மில்காரர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள்?

மான்செஸ்டர் என்றதும் கால்பந்துதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் மான்செஸ்டர் பெரும்பாலும் பஞ்சும் துணியும் விலை பேசப்பட்ட சந்தை. நூற்றதும் நெய்ததும் அதைச் சுற்றியிருந்த ஊர்கள். கோவையைச் சுற்றி சோமனூர், பல்லடம், திருப்பூர் இருப்பதைப்போல அங்கே ஓல்டாம், ராச்டேல், லீ, விகன் என்று லங்காஷயர் மாவட்டம் முழுக்கச் சின்னச் சின்னத் தொழில் ஊர்கள். அவற்றில் பலவற்றின் உயிர் ஆட்டம் ரக்பி லீக். அந்த ஊர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள ஒரு கோப்பை வைத்திருந்தன. அதுதான் லங்காஷயர் கப். 1905ல் தொடங்கி 1992 வரை ஆடப்பட்டது. அந்தக் கோப்பையின் கதையை ஒரு நாள் கூலியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. ஒன்று ரக்பி யூனியன். இன்னொன்று ரக்பி லீக். முதலில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது பணக்காரப் பள்ளிக்கூடங்களில் பிறந்த ஆட்டம். அதை ஆடுகிறவர் ஒரு பைசாகூட வாங்கக்கூடாது என்பது எழுதி வைத்த சட்டம். அந்தக் காலத்து ரக்பி கனவான்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1873ல் ஒரு ரக்பி கிளப் ஆரம்பித்தார்கள். இலவச மது நின்றதும் கூட்டம் குறைந்தது. சில ஆண்டுகளில் கிளப்பை மூடிவிட்டு, வங்கியில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் மூடிமேல் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதிக்கொள்ளும் கல்கத்தா கப் அதுதான். கையிலிருந்த காசை உருக்கிக் கோப்பை செய்யக்கூடிய மனிதர்களுக்கு, ஆடுவதற்குக் காசு கேட்பது கேவலமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

லங்காஷயர் மில் தொழிலாளியின் நிலைமை வேறு. 1850ன் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பெண்களையும் சிறுவர்களையும் வேலையிலிருந்து விடச் சொன்னது. அவர்கள் போய்விட்டால் மில் ஓடாது. எனவே ஆண்களுக்கும் சனிக்கிழமை அரை நாள் கிடைத்தது. வட இங்கிலாந்தின் விளையாட்டு முழுவதும் அந்த அரை நாளில் முளைத்தது என்றே சொல்லலாம். ஆனால் ஆட்டம் வெளியூரில் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அரை ஷிப்ட் போய்விடும். அடிபட்டால் திங்கட்கிழமையும் போய்விடும். மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடி, டிக்கெட் காசு கிளப்புக்குப் போய்ச் சேர, ஆடியவன் மட்டும் அன்றைய கூலியை இழந்து வீட்டுக்குப் போவான்.

வடக்கு கிளப்கள் கேட்டது சம்பளம் அல்ல. வேலையை விட்டுவிட்டு ஆட வந்த நேரத்துக்கு இழப்பீடு, அவ்வளவுதான். 'உடைந்த நேரத்துக்கான கூலி' என்று அதற்குப் பெயர். இன்று இங்கே ரயில்வேயிலும் வங்கியிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர்கள் 'ஆன் டூட்டி' போட்டுவிட்டு ஆடப் போகிறார்களே, கிட்டத்தட்ட அந்தச் சலுகைதான். 1893ல் லண்டனில் நடந்த கூட்டத்தில் யார்க்ஷயர் பிரதிநிதிகள் இதைத் தீர்மானமாகக் கொண்டு வந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. தோற்றது. அதன்பின் வடக்கு கிளப்கள்மீது சந்தேகமும் விசாரணையும் சஸ்பென்ஷனுமாகவே போயிற்று.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு கிளப்கள் கூடி, தனியாகப் பிரிந்து, வடக்கு ரக்பி யூனியன் என்ற அமைப்பை ஏற்படுத்தின. விகன், லீ, ஓல்டாம், ராச்டேல், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன், விட்னஸ் என்று பின்னாளில் லங்காஷயர் கப்பில் கலக்கிய ஊர்கள் அன்றே அதில் இருந்தன. இழப்பீடாக அவர்கள் நிர்ணயித்த தொகை ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். ரக்பி இரண்டாகப் பிளந்தது இந்த ஆறு ஷில்லிங்கால்!

பிரிந்தவர்களும் ஒன்றும் புரட்சிக்காரர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1898ல் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவருக்கு வேறு 'ஒழுங்கான' வேலை இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். சாராயக்கடையில் பரிமாறுவதும் பில்லியர்ட்ஸ் மேசைக்குக் கணக்கு வைப்பதும் வேலையில் சேராதாம். அந்த வாரம் வேலைக்குப் போகாதவர் சனிக்கிழமை ஆட முடியாது. மில் முதலாளிக்கும் கிளப் நிர்வாகிக்கும் தூரம் அதிகமில்லை என்பது இதிலேயே தெரிகிறது. சில ஆண்டுகள் கழித்துத்தான் இந்த நிபந்தனை போயிற்று.

லங்காஷயர் கப் 1905ல் ஆரம்பமானது. யார்க்ஷயர்காரர்களுக்கும் அதே பருவத்தில் தனியாக ஒரு கோப்பை. ஒரு தடவை தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை. பருவத்தின் தொடக்கத்தில், இலையுதிர் காலத்தில் நடக்கும். இறுதி ஆட்டம் பெரும்பாலும் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத மைதானத்தில். முதல் இறுதி ஆட்டத்தில் விகனும் லீயும் மோதின. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். முடிவு 0-0. மறுபடி ஆடியபோது விகன் 8-0 என்று ஜெயித்தது. அப்போது அணிக்கு 15 பேர். அடுத்த ஆண்டே அதை 13 ஆகக் குறைத்துவிட்டார்கள். பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அப்போதுதான் வந்தது. சேற்றில் ஒரே குவியலாகப் புரளுவது குறைந்து, ஓடுவதும் மடக்கிப் பிடிப்பதுமாக ஆட்டம் மாறியது. கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு யூனியனைவிட லீக் சீக்கிரம் பிடிபடும். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவன் அலுத்துப் போகக்கூடாது என்ற கவலைதான் இந்த மாற்றங்களுக்கெல்லாம் காரணம்.

ஒவ்வோர் அணியும் தன் ஊர்த் தொழிலைப் பெயரிலேயே சுமந்தது. வாரிங்டனில் கம்பி ஆலைகள் இருந்ததால் அந்த அணி 'வயர்'. விட்னஸில் ரசாயனத் தொழிற்சாலைகள் என்பதால் அது 'கெமிக்ஸ்'. செயின்ட் ஹெலன்ஸ் கண்ணாடி ஊர். பாரோ கப்பல் கட்டும் ஊர். விகனிலும் லீயிலும் நிலக்கரியும் பஞ்சும். சால்ஃபோர்ட் அருகில் உள்ள ஸ்விண்டன் ஒரு சின்ன ஊர். அந்த அணி 1927-28 பருவத்தில் லங்காஷயர் கப், லங்காஷயர் லீக், சேலஞ்ச் கப், சாம்பியன்ஷிப் என்று இருந்த நான்கையும் அள்ளிக்கொண்டு போனது. ரக்பி லீக் வரலாற்றிலேயே மூன்று அணிகள்தான் இப்படி நான்கு கோப்பை வென்றிருக்கின்றன. அதில் லங்காஷயர்காரர்கள் ஸ்விண்டன் மட்டுமே.

ஸ்விண்டன் கொண்டாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் மில்கள் சரியத் தொடங்கிவிட்டன. ஜப்பான் துணி ஒரு பக்கம், இந்திய மில்களும் அந்நியத் துணி பகிஷ்காரமும் இன்னொரு பக்கம். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, லங்காஷயரின் டார்வென் ஊருக்கே போய் வேலை இழந்த நெசவாலைத் தொழிலாளிகளைச் சந்தித்தார். அவர்கள் அவரைத் திட்டவில்லை, சூழ்ந்துகொண்டு வரவேற்றார்கள். மில் பெண்கள் நடுவே அவர் நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்து வரிசையாக மில்கள் முளைத்தன. அங்கே பூட்டப்பட்ட கதவுக்கும் இங்கே திறந்த கதவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆச்சரியம் என்னவென்றால், மில்கள் சரிந்தபோதும் கோப்பை சரியவில்லை. போருக்குப் பின் விகன் 1946 முதல் 1951 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது. 1953 இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸ் விகனை 16-8 என்று தோற்கடித்ததை ஸ்விண்டனின் ஸ்டேஷன் ரோடு மைதானத்தில் பார்த்தவர்கள் 42,793 பேர். இந்தக் கோப்பையின் வரலாற்றில் அதுவே அதிகபட்சக் கூட்டம். சில ஆண்டுகளில், 1958ல், உலகத்துக்கே துணி விற்ற பிரிட்டன், விற்பதைவிட அதிகமாகப் பருத்தித் துணி வாங்கும் நாடாகிவிட்டது. 1960 முதல் 1964 வரை செயின்ட் ஹெலன்ஸ் தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

1974ல் மாவட்ட எல்லைகளை மாற்றினார்கள். விகன், ஓல்டாம், ராச்டேல், சால்ஃபோர்ட் எல்லாம் கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போயின. செயின்ட் ஹெலன்ஸ் மெர்சிசைடுக்கு. வாரிங்டனும் விட்னஸும் செஷயருக்கு. பாரோ கம்ப்ரியாவுக்கு. லங்காஷயர் கப்பில் ஆடிய முக்கியமான ஊர் ஒன்றுகூட லங்காஷயரில் இல்லை! ஆனால் கோப்பையின் பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஈரோடு 1979லும் திருப்பூர் 2009லும் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து போனபின் அங்கே யாரும் கொங்கு நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிட்டார்களா என்ன? 1977ல் கம்பர்லாந்துக்காரர்களான வொர்க்கிங்டன் டவுன் விகனை 16-13 என்று தோற்கடித்து லங்காஷயர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது தனி வேடிக்கை.

சின்ன ஊர்களுக்கு இந்தக் கோப்பை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லீக் பட்டம் வெல்ல ஆண்டு முழுக்க ஜெயிக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், நிறைய ஆட்டக்காரர்கள் வேண்டும். லங்காஷயர் கப்புக்கு நாலைந்து நல்ல சனிக்கிழமைகள் போதும். 1981ல் லீ, விட்னஸை 8-3 என்று வென்றது. 1983ல் பாரோ அதே விட்னஸை 12-8 என்று வென்றது. 1991ல் ராச்டேல் இறுதி வரை வந்து செயின்ட் ஹெலன்ஸிடம் 24-14 என்று தோற்றது. இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறவர்கள்.

அந்த நிலைமை மாறியதுதான் கோப்பைக்கு வினையாயிற்று. 1980களின் கடைசியில் விகன் முழுநேர ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெல்ல ஆரம்பித்தது. பெரிய கிளப்களுக்கு இலையுதிர்காலத்து உள்ளூர்க் கோப்பை கூடுதல் சுமையாகத் தெரிந்தது. ஆட்டங்கள் மிக அதிகம், உடம்பு தாங்கவில்லை என்ற பேச்சு எழுந்தது. பொய்யான காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வெட்டியதில் இழந்தது யார் என்றால் லீயும் பாரோவும் ராச்டேலும்தான். 1992 அக்டோபரில் நடந்த இறுதி ஆட்டத்தில் விகன் செயின்ட் ஹெலன்ஸை 5-4 என்று ஒரே ஒரு பாயிண்டில் வென்றது. விகனுக்கு அது 21வது லங்காஷயர் கப். அடுத்த பருவத்தில் கோப்பையே இல்லை. யார்க்ஷயர் கப்பும் அதோடு நின்றது.

1995ல் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் 8 கோடியே 70 லட்சம் பவுண்டு கொடுத்து சூப்பர் லீக் என்று புதிதாக ஒன்றை ஏற்பாடு செய்தது. அப்போது ஊர் அணிகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு திட்டம் போட்டார்கள். ஓல்டாமையும் சால்ஃபோர்டையும் சேர்த்து வைக்கவிருந்த பெயர் 'மான்செஸ்டர்'. ரசிகர்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கியதும் இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதே 1995 ஆகஸ்டில், ஹட்டர்ஸ்ஃபீல்ட் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டு நிறைகிற மாதத்தில், ரக்பி யூனியனும் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. ஆறு ஷில்லிங்குக்காக யாரைத் துரத்தினார்களோ அவர்களைவிடப் பெரிய சம்பளத்தை இன்று யூனியன் கொடுக்கிறது.

2019ல் இங்கிலாந்தின் ரக்பி லீக் அமைப்பு, சூப்பர் லீக்கில் இல்லாத அணிகளுக்காக ஒரு புதுக் கோப்பை ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் '1895 கப்'. 42,793 பேர் கூடிய ஸ்டேஷன் ரோடு மைதானத்தில் இன்று வீடுகள். விகனின் சென்ட்ரல் பார்க் மைதானம் 1999ல் கைமாறி, இப்போது அந்த இடத்தில் ஒரு டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.