வைத்தாங்கி உடன்படிக்கையும் ஓர் இரவின் மொழிபெயர்ப்பும்

1840-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் மாலை, நியூசிலாந்தில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாயிருந்த வில்லியம் ஹாப்சன், ஓர் ஆங்கில வரைவை ஹென்றி வில்லியம்ஸ் என்னும் மிஷனெரியிடம் ஒப்புவித்தார். மாவோரித் தலைவர்கள் மறுநாள் வைத்தாங்கியில் கூடுமுன் அது அவர்கள் மொழியில் ஆயத்தமாக வேண்டும். வில்லியம்ஸும் அவர் மைந்தர் எட்வர்டும் ஓரிரவில் அப்பணியை முடித்தனர்.

ஆங்கிலப் பிரதியின் முதற்பிரிவில், தலைவர்கள் தங்கள் இறைமையை முற்றிலும் இங்கிலாந்து அரசிக்கு விட்டுக்கொடுக்கின்றனர். மாவோரிப் பிரதியில் அவர்கள் கொடுப்பதோ 'காவனாதங்கா'. 'கவர்னர்' என்ற ஆங்கிலச் சொல்லை 'காவனா' என்றாக்கி, அதினின்று மிஷனெரிகள் அமைத்த சொல் இது. மாவோரி வேதாகமத்தில் பிலாத்து ஒரு காவனா. நம் வேதாகமத்தில் அவன் தேசாதிபதி. இரண்டாம் பிரிவோ, நிலங்கள், ஊர்கள், அரும்பொருள்கள் யாவற்றின்மேலும் தலைவர்களுக்கு 'ரங்கத்திராதங்கா' நிலைத்திருக்கும் என்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் தேவனுடைய ராஜ்யத்தைக் குறிக்கும் மாவோரிச் சொல் அதுவே. அந்த ஜெபத்தை அறிந்த தலைவன் ஒருவன் இப்பிரதியை எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பான்? ராஜ்யம் தன்னிடமே இருக்க, பிலாத்துவின் உத்தியோகத்தை மாத்திரம் அந்நியருக்குக் கொடுப்பதாக அல்லவா!

வேறு சொல் இல்லாமற்போகவில்லை. வட பகுதித் தலைவர்கள் 1835-இல் வெளியிட்ட சுதந்தரப் பிரகடனத்தை மாவோரியில் பெயர்த்தவரும் வில்லியம்ஸே. அங்கு இறையதிகாரத்திற்கு 'மனா' என்ற சொல் வழங்கிற்று. தன் மனாவைக் கையெழுத்திட்டுக் கொடுக்க எத்தலைவனும் இசைந்திரான் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அது வஞ்சனையா என்பது இன்றும் வழக்கிலுள்ள கேள்வி. நில வியாபாரிகளிடமிருந்து மாவோரிகளைப் பிரித்தானிய ஆட்சி காக்கும் என அவர் உண்மையாகவே நம்பினார். அந்நம்பிக்கையே சொல்லைத் தெரிந்துகொண்டது என எனக்குத் தோன்றுகிறது. அதனால் பிழை சிறிதாகிவிடவில்லை.

பெப்ருவரி 6-ஆம் நாள், கையொப்பமிடும் வேளையில் ஒருவர் தடை எழுப்பினார். மாவோரிப் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்ட வில்லியம் கொலென்சோ அவர். தாங்கள் ஒப்புக்கொள்வது இன்னதென்று இவர்கள் அறிவார்களா என்று வினவினார். தம்மால் இயன்றதைச் செய்தாயிற்று என ஹாப்சன் பதிலுரைத்தார். அடுத்துவந்த மாதங்களில் 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர் 39 பேர் மாத்திரமே.

பின்னர் நிகழ்ந்த ஒரு வழக்கு சபையாருக்கு நெருங்கியது. பள்ளிக்கூடம் ஒன்றுக்கென ஙாத்தி தோவா இனத்தார் 1848-இல் நிலம் ஈந்தனர். பள்ளி எழவில்லை, நிலமோ அரசின் பட்டயத்தால் அத்தியட்சரின் பெயருக்குச் சென்றது. வீ பராட்டா என்பவர் வெலிங்டன் அத்தியட்சர்மீது வழக்குத் தொடுத்தார். 1877-இல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் அதனைத் தள்ளியதோடு, வைத்தாங்கி உடன்படிக்கையே செல்லாதது என்றும் தீர்ப்புரைத்தார்.

1975-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தாங்கி நடுவர் மன்றத்தை நிறுவி, இரு பிரதிகளையும் நோக்கிப் பொருள் காணும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. 1840 பெப்ருவரியில் ஒப்பமிட்ட வட பகுதித் தலைவர்கள் தங்கள் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அம்மன்றம் 2014-இல் முடிவுகூறிற்று.