அசைக்கக் கூடாத சுவர்கள்

இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னரும் ஆல்பர்ட் பார்ன்ஸும் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஓவியங்களை மக்கள் பார்வைக்கு விட்டுப் போனார்கள். மாட்டிய இடத்திலிருந்து எதையும் மாற்றக் கூடாது என்று எழுதியும் வைத்தார்கள்.

பாஸ்டனில் 1903-இல் கார்ட்னர் திறந்தது வெனிஸ் அரண்மனைச் சாயலில் கட்டிய மாளிகை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே பூச்செடிகள் நிறைந்த முற்றம். அதைச் சுற்றி அறைகள். டிஷியனின் ‘யூரோப்பா’ ஓவியத்துக்கு அடியில் சுவரில் ஒரு பட்டுத்துணி இருக்கிறது. தான் உடுத்திய கவுனிலிருந்தே வெட்டி அவர் அங்கே பதித்தது. அந்த மாளிகை முழுக்க அவருடைய கைதான் தெரிகிறது. 1990 மார்ச் 18 அன்று போலீஸ் உடையில் வந்த இருவர் 13 கலைப்பொருட்களைத் திருடிச் சென்றார்கள். வெர்மீர், ரெம்பிராண்ட் ஓவியங்களும் போயின. அவை இருந்த சட்டங்கள் வெறுமையாக இன்றும் அங்கேயே தொங்குகின்றன.

பார்ன்ஸின் கதை வேறு. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, ஆர்ஜிரால் என்ற கிருமிநாசினி மருந்தில் பணம் சம்பாதித்தவர். தன் தொழிற்சாலையிலேயே ஓவியங்களை மாட்டி, தொழிலாளர்களுக்கு வகுப்பு நடத்தியவர். ஃபிலடெல்ஃபியாவை அடுத்த மெரியனில் 1925-இல் அவர் திறந்த கட்டடமும் அருங்காட்சியகம் என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்பதே பொருந்தும். ரெனுவார் மட்டும் 181, செசான் 69. அவற்றுக்கு நடுநடுவே பழைய இரும்புக் கீல்கள், பூட்டுத் தகடுகள்! கீலின் வளைவையும் படத்தில் உள்ள உடலின் வளைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது சுவர். ஓவியத்துக்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு கிடையாது. வேண்டுமென்றே வைக்கவில்லை, முதலில் கண்ணால் படி என்பதுதான் அவர் பாடம்.

அந்தத் தொகுப்பை நகருக்குள் கொண்டுபோக 2004-இல் நீதிமன்றம் அனுமதித்தது. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. 2012-இல் திறந்த புதிய கட்டடத்தில் பழைய அறைகளின் அளவையும் சுவர்களின் அமைப்பையும் அப்படியே மறுபடி உருவாக்கினார்கள். பழைய கட்டடத்தின் தோட்டம் மட்டும் மெரியனிலேயே தங்கிவிட்டது.

எழுதிக் கொடுத்தவரின் சொல்லை மீறியது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் பார்ன்ஸின் பாடம் சுவரில் இருந்தது, சுவரோடு வந்துவிட்டது. அதை இன்னும் பலர் எளிதாகப் போய்ப் பார்க்க முடிவதால் இடமாற்றம் சரி என்றே சொல்வேன். கார்ட்னர் மாளிகைக்கு அந்த வழி கிடையாது. முற்றத்து வெளிச்சத்தையும் பூக்களையும் விட்டுவிட்டு அந்த அறைகளை மட்டும் பெயர்த்தெடுத்தால் அது அவருடைய வீடாக இருக்காது.