சேத்துப்பட்டின் சிறுநீர்க் குப்பி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனத்தோடும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் சேர்ந்து, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஓய்வும் ஊட்டமான உணவும் கொடுத்து மாதக்கணக்கில் வைத்திருக்கும் சானடோரியம் (தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்ட சொல்) தேவையா, அல்லது நெரிசலான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு அவரைக் குணப்படுத்த முடியுமா என்பதே அது.

193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். சானடோரியத்தில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் தேறினர்; வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த உறவினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. 1959இல் வெளியான இந்த முடிவு சானடோரியத்தின் காலத்தையே முடித்துவைத்தது எனலாம்.

ஆனால் வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறாரா? பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. காய்ச்சலும் இருமலும் தணிந்த பிறகும் அதை மாதக்கணக்கில் தொடர்வது எளிதன்று. எனவே மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று, மீதமிருந்த மருந்துப் பொதிகளை எண்ணி, சிறுநீரையும் வாங்கி வந்தனர். அதில் ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்தால், பாஸ் இருக்குமாயின் செவ்வூதா நிறம் தோன்றும். மனித நடத்தை என்பது அளந்து பார்க்க வேண்டிய பொருளாக இந்த ஆய்வுக்குள் புகுந்த வழி, எந்தச் சமூகவியல் கோட்பாடும் அன்று, இந்தக் குப்பிதான். மையத்தை முதலில் வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தாமே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கலைப் பற்றி 1958இல் தனிக் கட்டுரையே எழுதினார். வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்து, ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையும் அந்தக் கவலையிலிருந்தே பிறந்தது. எனினும் குப்பி கேட்ட கேள்வி ஒருதலையானது: நோயாளி தவறினாரா என்பதை அது காட்டியதேயன்றி, ஏன் தவறினார் என்பதைக் காட்டவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டது பெங்களூர். அங்கு 1959இல் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தெபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி, 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு, நாட்டுப்புறத்தார் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள் என்ற அதிகாரிகளின் நெடுநாள் நம்பிக்கையைக் குலைத்தது. சளியில் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என்பதை அறிந்திருந்தனர்; பாதிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தின் படியையும் ஏறியிருந்தனர். அங்கே அவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியை யாரும் சோதிக்கவில்லை. தவறியவர் நோயாளி அல்லர் என்று அரசின் சொந்த நிறுவனமே எண்ணிக்கையோடு சொன்னது அக்காலத்தில் சிறிய துணிச்சல் அன்று.

1962இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம், அந்த ஆய்வு அச்சேறும் முன்பே, இந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. வீடு வீடாக நோயாளியைத் தேடி அலைவதற்குப் பதிலாக, இருமலோடு தானாகவே பொதுச் சுகாதார நிலையத்துக்கு வருபவரின் சளியை அங்கேயே நுண்ணோக்கியில் பார்ப்பது என அது வகுத்துக்கொண்டது.