சீ.ஈ.எஸ். – மூடப்பட்ட ஒரு கந்தோரின் கதை

எண்பதுகளில் சிட்னிக்கு வந்த எம்மவரோடு பேசினால் 'சீ.ஈ.எஸ்.' என்ற பெயர் எப்படியும் வந்து விழும். கொமன்வெல்த் வேலைவாய்ப்புச் சேவை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய்ப் பதிந்ததையும், பலகையில் இருந்த வேலைக் கார்ட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்ததையும், பொறியியல் படித்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனதையும் சொல்வார்கள். 2012இன் பிற்பகுதியில் படகில் வந்த எங்களுக்கு அது கேள்விப்பட்ட கதை மட்டுமே. கந்தோர் 1998இல் மூடப்பட்டுவிட்டது. மேய்ஸ் ஹில்லைச் சுற்றியுள்ள றெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் காலந்தள்ளுகிற நாங்கள், எங்களுக்கு வாய்க்காத அந்தக் கந்தோரைப் பற்றித் தேடிப் படித்தோம்.

வேலை தேடித் தருவது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் மிகப் பழையதல்ல. அதற்கு முன் அது தரகர்களின் தொழில். வேலை கிடைக்குமுன்னரே காசைக் கறந்துவிடுவார்கள். 1890களின் பொருளாதார மந்தத்தில் சிட்னித் தெருக்கள் வேலையற்றவர்களால் நிறைந்தபோது, 1892இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு தொழிற் பணியகத்தைத் திறந்தது. பிரித்தானியா 1909இல் சட்டமியற்றி நாடெங்கும் இப்படியான நிலையங்களை அமைத்தது. 1919இல் சர்வதேச தொழில் தாபனம், கட்டணமில்லாத அரசாங்க வேலைவாய்ப்பு நிலையங்கள் வேண்டுமென்று உடன்படிக்கை எழுதியது.

என்றாலும் அவுஸ்திரேலிய சமஷ்டி அரசு அசைவதற்கு ஒரு பஞ்சமும் ஒரு யுத்தமும் தேவைப்பட்டன. 1932இல் இங்குள்ள தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ 30 வீதமானோருக்கு வேலையில்லை. பத்து வருடங்களின் பின் யுத்தம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 1942இல் அமைக்கப்பட்ட மனிதவலு இயக்குநரகம் யார் எங்கே வேலை செய்யவேண்டும் என்று கட்டளையிட்டது. யுத்தத்துக்கு ஆள் திரட்ட முடிந்த அரசாங்கத்துக்கு, சமாதானத்தில் எல்லோருக்கும் வேலை கொடுக்க ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது. 1945இல் வந்த முழு வேலைவாய்ப்பு பற்றிய வெள்ளை அறிக்கை அதற்கான பதில். அதன் பின்னணியில் உழைத்தவர்களில் முக்கியமானவர் எச்.சீ. கூம்ஸ். 1946 மே மாதம் சீ.ஈ.எஸ். பிறந்தது.

அடுத்த வருடமே அகதிகள் அதன் வாசலுக்கு வந்தார்கள். 1947 நவம்பரில், ஐரோப்பாவின் முகாம்களிலிருந்து 800க்கு மேற்பட்ட பால்டிக் நாட்டவரோடு முதற் கப்பல் ஃபிறீமான்ரிலை அடைந்தது. 1950களின் முற்பகுதிக்குள் இப்படி வந்தவர்கள் சுமார் 170,000 பேர். இரண்டு வருடம் அரசாங்கம் காட்டிய இடத்தில், காட்டிய வேலையைச் செய்வோம் என்று ஒப்பமிட்டே வந்தார்கள். விக்டோரியாவின் பொனெகில்லாவில், பழைய இராணுவ முகாமொன்றில் அவர்களை இருத்தி, சீ.ஈ.எஸ். உத்தியோகத்தர்கள் வேலைக்கு அனுப்பினார்கள். கரும்பு வெட்ட, பழம் ஆய, தண்டவாளம் போட, செங்கல் சுட. ஆண்கள் 'தொழிலாளி', பெண்கள் 'வீட்டுப் பணியாள்'. வைத்தியராயினும் வழக்கறிஞராயினும் அதே சொல்தான். வைத்தியர்கள் ஆஸ்பத்திரிகளில் தரை துடைத்தார்கள். இங்கே திரும்பவும் படித்தாலொழிய அவர்களுடைய பட்டத்துக்கு மதிப்பில்லை. (அந்த நாட்களில் எங்கள் நிறத்தவருக்கு இந்த நாட்டுக் கதவே பூட்டுத்தான். இலங்கையிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பறங்கியர்.)

இது கட்டாய வேலை என்று சொல்பவர்களோடு எங்களுக்கு வாதமில்லை. ஆனால் வேலை கொடுக்கவேண்டியவர் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னர் உதவித் திட்டத்தில் வந்த இத்தாலியர்கள், 1952இலும் 1961இலும், வேலை தா என்று பொனெகில்லாவில் கலகம் செய்தபோது, யாரிடம் கத்துவது என்று தடுமாறவில்லை.

ஊரில் நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு. 1956க்குப் பின் அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களம் வேண்டும். 1977க்குப் பின் 'ஜொப் பாங்க்' என்று ஒன்று வந்தது. அதன் விண்ணப்பப் படிவம் எம்.பி.யின் கைவழியே வரவேண்டும். அரசாங்க வேலை என்றால் யாரைப் பிடிக்கலாம் என்பதுதான் எங்கள் முதற் கேள்வி. பொதுக் கந்தோர் ஒன்று எம்.பி.யின் துண்டைக் கேளாமல் வேலைக் கார்ட்டைத் தந்தது என்று மூத்தவர்கள் சொல்கையில் எங்களுக்கு வியப்பு வருவது அதனால்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து முழு வேலைவாய்ப்பு என்ற சொல்லே தேய்ந்தது. 1992இன் முடிவில் வேலையின்மை சுமார் 11 வீதம். பதினெட்டு மாதங்களுக்கு மேல் வேலையற்றிருந்தவர்களுக்கு வேலை தருவதாக 1994இல் கீற்றிங் அரசாங்கம் வாக்களித்தது. 1996இல் வந்த ஹொவார்ட் அரசாங்கம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. 1998 மே முதலாந் திகதி, தொழிலாளர் தினத்திலேயே, சீ.ஈ.எஸ்.இன் வேலை முந்நூறுக்கு மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நாளை யார் தேர்ந்தெடுத்தார்களோ!

நாங்கள் வந்தபோது அந்த நிறுவனங்களின் வாசலும் எங்களுக்கில்லை. 2012 ஓகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்து வெளியே விடப்பட்டவர்களுக்கு வேலை செய்யும் உரிமை மறுக்கப்பட்டது. வேலையற்றோர் கொடுப்பனவின் 89 வீதம் தருவார்கள்; வாடகைக்கே அது போதாது. 2014 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகுதான் உரிமை படிப்படியாகக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வேலைக் கந்தோர் கோயில் வீதியும் பலசரக்குக் கடை வாசலும்தான். 'தம்பி, ஒரு இடத்தில ஆள் கேக்கினம்' என்று யாராவது அண்ணை சொல்லுவார். பன்னிரண்டு மணித்தியால வேலைக்குக் கையில் தந்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கினோம். மூன்று கிழமைச் சம்பளத்தைத் தராமல் ஒரு முதலாளி 'போய்ச் சொல்லு பார்ப்பம்' என்று சிரித்தபோது, போய்ச் சொல்ல இடமிருக்கவில்லை.

எங்களில் சிலர் கிடந்த விலவூட் தடுப்பு முகாம், 1949இல் குடியேறிகளின் விடுதியாகத் தொடங்கிய இடம். 1976இல் அதன் ஒரு பகுதி தடுப்பு முகாமாயிற்று. வேலைக்கு அனுப்பக் கட்டிய இடத்தில், பின்னர் வேலைக்கு விடாமல் ஆட்களைப் பூட்டினார்கள்.

2023 நவம்பரில் பாராளுமன்றக் குழுவொன்று, தனியாரிடம் முழுதாக ஒப்படைத்தது தோல்வி என்றும், அரசாங்கமே திரும்ப வேலைவாய்ப்புச் சேவையில் இறங்கவேண்டும் என்றும் அறிக்கை கொடுத்தது. அதை வாசித்த கிழமைதான் பொனெகில்லா அட்டைகளைப் பற்றியும் அறிந்தோம். முகாமுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பெயர், சிறு படம், வந்த திகதி, வேலைக்கு அனுப்பிய இடம். தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் பிரதி எடுத்துப் போகிறார்கள். எங்கள் 2013, 2014ஆம் வருடங்களின் வேலைக்கு எங்கும் ஒரு துண்டுகூட இல்லை.