ஒலிநாடாவில் வாழும் திருமுறை ஓசை

தில்லைத் திருக்கோயில் அறையொன்றில் பூட்டப்பெற்றிருந்த தேவாரச் சுவடிகளை இராசராச சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் வெளிக்கொணர்ந்தபோது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததை மெய்யன்பர்கள் அறிவர். எஞ்சிய பதிகங்களின் பண்முறையோ, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் வாயிலாகவே மீண்டும் கிடைத்தது எனத் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. ஏடு சொல்லைக் காக்கும். ஓசையைக் காக்க வல்லதன்று.

ஓசையையும் காக்கவல்ல எளிய கருவி இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் எனப்படும் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன் ஆகியோரின் பக்திப் பாடல்கள் அதன்வழியே ஒலித்தன. அவற்றுக்குப் படிகள் பல உண்டு. ஆனால், ஆலய விழாக்களில் அன்பர்கள் தாமே பதிவு செய்த சொற்பொழிவுகளுக்கும், ஓதுவார்களின் பண்ணிசைக்கும், தோட்டப்புறப் பெரியோரின் பஜனைக்கும் பெரும்பாலும் வேறு படி இல்லை. அந்த நாடா அழிந்தால் அக்குரலும் அழிந்தது.

4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய பிளாஸ்டிக் நாடாவின்மீது காந்தத் துகள்கள் பசையால் படிய வைக்கப்பட்டுள்ளன. நம் நாடுகளின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. அந்த ஈரம் பசையைச் சிதைக்கும், பூஞ்சணத்தையும் வளர்க்கும். ஆதலின் நாடாக்களை உறையிலிட்டு, நிமிர்த்தி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். ஒலிபெருக்கியின் அருகில் வைத்தலாகாது. அதனுள் காந்தம் உண்டு. பேழையின் மேல்விளிம்பிலுள்ள சிறு தடுப்புகளை ஒடித்துவிட்டால், தவறுதலாக வேறொன்று பதிவாவதைத் தவிர்க்கலாம். பூஞ்சணம் படிந்த நாடாவை ஓட்டிப் பார்த்தல் கூடாது; அது கருவியையும் பிற நாடாக்களையும் கெடுக்கும்.

எனினும் பாதுகாத்தல் மட்டும் போதாது. ஒலிக்கச் செய்யும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அருகி வருவதால், 2025ஆம் ஆண்டளவில் காந்த நாடாப் பதிவுகளை மீட்பது மிகக் கடினமாகும் என யுனெஸ்கோ சார்ந்த திட்டமொன்று 2019இல் எச்சரித்தது. அக்காலம் வந்துவிட்டது. ஆகவே பதிவுகளைக் கணினியில் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாக மாற்றி, இருவேறு இடங்களில் வைத்தல் நலம். சிங்கப்பூரில் 1979 முதல் பதிவு செய்யப்பெற்று வரும் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் பலவற்றை இன்று கணினிவழிக் கேட்க இயல்வது இத்தகைய முயற்சியின் பயனேயாகும்.

அன்பர்கள் தம் இல்லத்துப் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து, யார் குரல், எந்த ஆலயம், எந்த ஆண்டு என்பதை உறைமேல் எழுதி வைப்பார்களாக. குரலை அடையாளம் காட்டவல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். மாற்றிய பின்னரும் மூல நாடாவை எறிந்துவிடுதல் ஆகாது.

திருவருள் துணை நிற்பதாக.